கேளுங்கள், முளைக்கும்!

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி திருப்புட்குழியிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும். அத்தனையும் காஸ்மாஸ் பற்றி. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பூத்திருக்கிறது, தெருவே விதை வாங்கக் கிளம்பிவிட்டது என்று தெரிகிறது.

கேள்வி கேட்க அந்த ஊருக்குத் தனி உரிமை உண்டு. யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்ட ஊர் அது. ஆசிரியர் சொன்ன பொருள் பொறுக்காமல் மாணவர் கண்ணீர் விட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். அந்த வழக்கே ஒரு பூவைப் பற்றியதுதான்: இறைவனின் கண்ணுக்கு உபநிடதம் உவமையாகச் சொன்ன தாமரை. சூரியனால் மலர்ந்த தாமரை என்று பொருள் கொண்டார் ராமானுஜர். காஸ்மாஸுக்கும் முதல் பாடம் வெயில்தான். அங்கிருந்தே தொடங்குவோம்.

கே: எங்கள் வீட்டில் மாடி இல்லை. கூடத்து ஜன்னலோரம் தொட்டி வைத்தால் காஸ்மாஸ் வருமா? (பாலுசெட்டி சத்திரம் வாசகி)

வரும். பூக்காது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தண்டு ஒல்லியாக நீண்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, எதிர்வீட்டுச் சங்கதி கேட்டுக்கொண்டிருக்கும். வாசல் திண்ணைக்குக் கீழே ஒரு முழம் மண் இருந்தால் போதும், அங்கே போடுங்கள்.

கே: எங்கள் தாயார் சந்நிதியில் வறுத்த பயறே முளைக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கிய காஸ்மாஸ் விதை முளைக்கவில்லையே, என்ன நியாயம்? (திருப்புட்குழி, சந்நிதித் தெரு மாமி)

மாமி, அது மரகதவல்லித் தாயாருக்கு மட்டுமே உரிய அதிகாரம். வறுத்த பயற்றை இரவு மடியில் கட்டிக்கொண்டு படுத்து, விடிவதற்குள் அது முளைவிட்டிருந்தால் பிள்ளை வரம் நிச்சயம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நம்பி வருகிறார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். விதைக் கடைக்காரருக்கு அந்த வரம் கிடையாது. வெயிலில் காயும் அலமாரியில் கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டும் ஒருவகையில் வறுத்த பயறுதான்.

மடியில் கட்டும் முறையை மட்டும் கடன் வாங்குங்கள். பத்து விதையை எண்ணி ஈரமான பருத்தித் துணியில் வையுங்கள். மடித்து, ஒரு டப்பாவில் போட்டு, நிழலில் வைத்துவிடுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீரில் மிதக்கவும் கூடாது. நான்காம் நாளிலிருந்து பிரித்துப் பாருங்கள். கறுத்து வளைந்த ஊசி போன்ற விதையின் ஒரு முனை வெடித்து, வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வாரம் முடிவதற்குள் ஏழெட்டு முளைத்தால் விதை நல்ல விதை, குற்றம் உங்கள் தொட்டியில். ஒன்றிரண்டுதான் என்றால் பாக்கெட்டைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே காட்டலாம்.

தொட்டியில் நடக்கும் குற்றங்கள் பெரும்பாலும் மூன்றே. விதையை விரற்கடை ஆழத்துக்குப் புதைப்பது. அரை சென்டிமீட்டர் மண் மேலே தூவினால் போதும். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது. விதை ஓரத்துக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும், பூவாளியால்தான் தெளிக்க வேண்டும். மூன்றாவது, கோழி. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கே: மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய விதை பீரோவில் இருக்கிறது. போடலாமா? (உத்திரமேரூர் கல்லூரி மாணவி)

உங்கள் ஊர்க் கல்வெட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறதே! முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் வெட்டியது. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டுவிட்டார்கள். காஸ்மாஸ் விதைக்கும் வயது வரம்பு உண்டு. காய்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். பீரோவில் பட்டுப்புடவை நடுவே இருந்த விதைக்குத் துணிச் சோதனை வைத்து, தேறியதை மட்டும் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: மாட்டு எரு, ஆட்டுப் புழுக்கை, பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்தேன். செடி என் தோளுக்கு வந்துவிட்டது. ஒரு மொட்டு இல்லை. (திருப்புட்குழி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, உங்கள் அன்புதான் காரணம். காஸ்மாஸ் மெக்சிகோவின் மெலிந்த மண்ணில் பிழைத்துப் பழகிய செடி. தழைச்சத்து கொட்டிக் கிடந்தால் அது இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூத்து விதை கட்டி வம்சத்தைக் காப்பாற்றும் அவசரம் அதற்கு வராது. தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு. அதற்கு மேல் ஒரு கைப்பிடி போடத் தோன்றினால் கத்தரிச் செடிக்குப் போடுங்கள்.

வேறு சாக்குச் சொல்லவும் அதற்கு வழியில்லை. பகல் சுருங்கினால் சீக்கிரம் பூக்கும் சாதி இது. ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும்போது மொட்டு விடத் தயங்கும். நம் காஞ்சிப் பக்கத்தில் ஆனி மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. இனி எருவை நிறுத்துங்கள், தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள். மண்ணில் விரலை விட்டு, முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாணவர்களிடம் காட்டிய கண்டிப்பில் கொஞ்சம் இங்கேயும் காட்டலாம்.

கே: ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறார்களே, காஸ்மாஸுக்கும் அதுதானா?

எந்தக் காஸ்மாஸ் என்பதைப் பொறுத்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும் ரகம் வெயிலுக்கு அஞ்சாது. ஆடியில் போடுங்கள், மாசியில் போடுங்கள், முளைக்கும். ஐம்பது அறுபது நாளில் பூக்கும். ஒருமுறை போட்டால் அடுத்த முறை அதுவே போட்டுக்கொள்ளும். விதையின் நுனியில் இரண்டு சின்ன முள் இருக்கும், வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவரை போகும். வெளி ஊர்களில் சாலையோரங்களைப் பிடித்துக்கொண்ட கதையும் உண்டு. ஆகவே ஏரிக்கரையில் வாரி இறைக்க வேண்டாம், வேலிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு, வெள்ளை, கருஞ்சிவப்பு என்று பூத்து, பெருஞ்சீரகத் தழை மாதிரி இலை விடும் ரகம் கொஞ்சம் நாசூக்கு. அக்னி நட்சத்திரத்தில் கருகும், அடைமழையில் நாற்று அழுகும். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் விதைத்தால் மாசி பிறக்கும்போது பூ. பொங்கலுக்கே வேண்டும் என்பவர்கள் ஐப்பசியில் தாழ்வாரத்துக்கு அடியில் நாற்று விட்டு, நான்கு நிஜ இலை வந்ததும் ஓர் அடிக்கு ஒன்றாகப் பிரித்து நடுங்கள்.

பாக்கெட் மேல் இருக்கும் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது பெண் பார்க்க வருவதற்கு முன் அனுப்பும் போட்டோ.

கே: காற்றடித்தால் சாய்கிறது.

முழங்கால் உயரம் வரும்போது நுனியைக் கிள்ளுங்கள், கிளை பிரிந்து குட்டையாக நிற்கும், பூவும் கூடும். மிச்சத்துக்கு ஒரு சவுக்குக் குச்சி.

கே: விஜயராகவப் பெருமாளுக்குக் காஸ்மாஸ் மாலை சாற்றலாமா? வெளிநாட்டுப் பூ என்று என் மாமியார் தடுக்கிறார். (திருப்புட்குழி மருமகள்)

சாற்றலாமா என்பதை அர்ச்சகரிடம் கேளுங்கள். வெளிநாட்டுப் பூ என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பூக்கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிறார்களே சம்பங்கி, அதன் பூர்வீகம் மெக்சிகோ. துலுக்கச் சாமந்திக்கும் அதுவே. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் உட்காரும் பூசணிப்பூவும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். அதே மெக்சிகோவிலிருந்து புறப்பட்டு, மாட்ரிட் தாவரத் தோட்டத்தில் கவனில்லஸ் என்ற பாதிரியார் 1791-இல் பெயர் சூட்டியது காஸ்மாஸ். ஊரைச் சொல்லித் தடுத்தால் பாதிப் பூக்கடையை மூட வேண்டும்.

மாலைக்கு ஆகாததன் காரணம் வேறு. வாசனை இல்லை, நாரில் தொடுத்தால் உச்சிக்காலத்துக்குள் இதழ் துவண்டு தொங்கும். வாய் அப்போதுதான் திறந்த பூவைக் காலையில் நீளக் காம்போடு வெட்டிச் செம்புத் தண்ணீரில் வையுங்கள், நான்கைந்து நாள் நிற்கும். கூடத்தில் வைத்தால் மாமியாரும் பார்ப்பார். சண்டை அங்கேயே பாதி தீரும்.

கே: விதை எடுக்கலாம் என்று விட்டால் குருவிகள் கொத்திவிடுகின்றன. வலை கட்டலாமா?

ஒரு பறவைக்குப் பெருமாளே மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? ஜடாயுவின் வகையறாவுக்குப் பாதியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு பிடிதான். இதழ் உதிர்ந்து, தலை கறுத்து, விதைகள் நகம் விரித்தமாதிரி நிமிர்ந்து நிற்கும்; அன்றைக்குக் காலையிலேயே பறித்துக் காகித உறையில் போடுங்கள்.

இன்னொன்று: ஒற்றைச் செடி வைத்தவர்களுக்கு விதை சரியாகக் கட்டாது. இளஞ்சிவப்பு ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, சொந்தத்தில் பெண் எடுக்காத குலம். நாலைந்து செடி பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், தேனீ தரகு பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த வருஷ வெள்ளை அடுத்த வருஷம் ரோஸாகப் பிறக்கிறது. யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

கே: காஸ்மாஸ் பூவில் சாயம் இறங்குமாமே? நாங்கள் பட்டுத் தறிக் குடும்பம். (காஞ்சிபுரம் வாசகர்)

இறங்கும், மஞ்சள்-ஆரஞ்சு ரகத்தில். மெக்சிகோவின் பழங்குடிகள் இதே பூவிலிருந்துதான் ஆரஞ்சுச் சாயம் எடுத்தார்கள். ஒரு சின்ன வேடிக்கை செய்து பாருங்கள்: இரண்டு இதழைக் கசக்கி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தொட்டு வையுங்கள். மஞ்சள் கண்ணெதிரே சிவக்கும். காரம் பட்டால் சிவக்கும் நிறமிகள் அந்த இதழில் இருக்கின்றன. பட்டு நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, பூக்களைக் கொதிக்க வைத்த சாற்றில் மிதமான சூட்டில் போட்டால் நல்ல ஆரஞ்சு ஏறும். கொதிக்கும் சாற்றில் போடாதீர்கள், பட்டின் பளபளப்பு போய்விடும். உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கைக்குட்டை அளவுக்குச் செய்யுங்கள். முகூர்த்தப் புடவைக்குப் பூப் பறிக்க ஒரு வயல் வேண்டும், நிறம் நிற்குமா என்று மாமியார் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கே: பேர் காஸ்மாஸ். விண்வெளிக்குப் போயிருக்கிறதா?

முந்திக்கொண்டது அதன் ஒன்றுவிட்ட சகோதரி ஜின்னியா. 2016 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஸ்காட் கெல்லியின் கவனிப்பில் பூத்தது. அதிகத் தண்ணீரில் முதலில் பூஞ்சை பிடித்ததாம். வானத்திலும் அதே குற்றம்தான்.

அடுத்த இதழுக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செடியின் படம் அனுப்பும்போது, தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் முதலில் ஓட்டை போடுங்கள், பிறகு கடிதம் போடலாம்.