குதிரைக்குத் தெரிந்த நாலு பாம்பு

எங்க ஊர்ல தோணி இருக்கு, குதிரை இல்ல. குதிரைக்கு ஊசி போட்டா எனக்கென்ன, போடாட்டி எனக்கென்ன?
– மீனவர், தோணிரேவு

கரையேறும்போது புதரில் நல்ல பாம்பு கடித்தால் தெரியும் அண்ணே! ஆஸ்பத்திரியில் உங்கள் நரம்பில் ஏற்றுவது குதிரையின் ஆன்டிபாடியைத்தான். நஞ்சைத் துளித்துளியாகக் கூட்டிக் குதிரைக்குள் செலுத்துவார்கள். அதன் உடம்பு மாதக்கணக்கில் ஆன்டிபாடி செய்து குவிக்கும். ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சுத்தப்படுத்திக் குப்பியில் அடைத்தால் மருந்து. நஞ்சு எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். வெறிநாய் கடித்த காயத்தில் போடும் சீரத்திலும் குதிரையின் உபயம் உண்டு.

குதிரைக்கும் ஃப்ளூ வருமா?
– கல்லூரி மாணவி, பழவேற்காடு

வரும். இருமும், மூக்கொழுகும், தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. இந்தியாவில் 1987-இல் பெரிதாகப் பரவியது. 2008-இல் வைஷ்ணவதேவி யாத்திரை புறப்படும் கட்ராவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் படுத்தன. 1872-இல் வட அமெரிக்காவில் பரவியபோது வண்டிகளே ஓடவில்லை. அந்த நவம்பரில் பாஸ்டன் பற்றி எரிந்தது. தீயணைப்பு வண்டியை ஆட்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஊசி போட்ட ரேஸ் குதிரைக்கும் காய்ச்சல் வருதாமே? அப்புறம் எதுக்கு ஊசி?
– டீக்கடைக்காரர், பொன்னேரி

ஊசி மருந்தில் இருப்பது பெரும்பாலும் செத்த வைரஸ். அதைப் பார்த்து ரத்தத்தில் ஆன்டிபாடி ஊறும். ஆனால் ஃப்ளூ நுழைவது மூக்கு வழியாக. ஒருமுறை காய்ச்சல் வந்து தேறிய குதிரையின் மூக்குச் சவ்விலேயே காவல் இருக்கும். செத்த வைரஸ் ஊசி அங்கே அவ்வளவாக ஆள் நிறுத்துவதில்லை. ரத்தத்தில் ஊறியதும் சில மாதங்களில் வற்றத் தொடங்கும். அதனால்தான் ரேஸ் குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. போதாததற்கு வைரஸ் தன் மேலுறைப் புரதத்தை அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. ஊசி போட்ட குதிரை லேசாக இருமி எழுந்துவிடும், சரி. எழுந்த கையோடு பக்கத்து லாயத்துக்கும் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியா 2007-இல் பட்டது அப்படித்தான். இறக்குமதிக் குதிரைகளோடு வந்த வைரஸ் ஆயிரக்கணக்கான பண்ணைகளில் பரவியது. அதை ஒழிக்கவும் ஊசிதான் கைகொடுத்தது.

பிறந்த அன்னைக்கே குட்டிக்கு ஊசி போட்டுட்டா என்ன?
– இல்லத்தரசி, கோட்டைக்குப்பம்

மனிதக் குழந்தைக்குத் தாயின் ஆன்டிபாடி கருப்பையிலேயே வந்துவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதை விடுவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். அதுவும் ஒரு நாளைக்குள் குடித்தாக வேண்டும், பிறகு குடலின் வாசல் சாத்திக்கொள்ளும். அப்படிக் குடித்த தாயின் ஆன்டிபாடி, சீக்கிரமே போடும் ஊசியையும் எதிரியென்று அடித்துவிடும். குட்டி சொந்தமாகக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இருக்காது. ஆகவே, ஊசி போட்டுக்கொண்ட தாய்க்குப் பிறந்த குட்டிக்கு ஏறக்குறைய ஆறாம் மாதத்தில்தான் முதல் ஊசி. கெட்டிக்காரப் பண்ணைக்காரர் சினையாக இருக்கும்போதே, கடைசி வாரங்களில், தாய்க்குப் போட்டுச் சீம்பாலைக் கெட்டிப்படுத்திவிடுவார்.

குதிரை ஃப்ளூ எனக்கு ஒட்டுமா?
– ஆட்டோ ஓட்டுநர், மீஞ்சூர்

2004-இல் அமெரிக்காவில் நாய்க்குத் தாவியது தெரியவந்தது. உங்களைத் தேடி வராது. உங்களுக்கு மனித ஃப்ளூவே போதாதா?

வலையில கடல் பாம்பு சிக்குது. கடிச்சா அதே குதிரை மருந்துதானே?
– இன்னொரு மீனவர், தோணிரேவு

இல்லை. நம் நாட்டுக் குதிரைக்குக் காட்டிய நஞ்சு நாலுதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடல் பாம்பை அதற்கு அறிமுகப்படுத்தவில்லை. அறிமுகமில்லாத நஞ்சுக்கு அதன் ஆன்டிபாடி ஒட்டும் என்று நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக்கென்றே மருந்து உண்டு. இங்கே பொதுவாகக் கிடைப்பதில்லை. கடி வலிக்காமலும் இருக்கலாம். அதை நம்பிக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தசைகள் வலித்து இறுகும், மூச்சு திணறலாம், சிறுநீர் கறுக்கலாம். செயற்கை சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பாம்பைக் கையில் பிடித்து வர வேண்டாம்; செல்போனில் ஒரு படம் போதும்.