நடுப்பந்து யாருக்கு? இரட்டையர் டென்னிஸில் உறவுமுறையின் பங்கு: மடத்துக்குளம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: இரட்டையர் டென்னிஸின் வலைப் பயிற்சி. வலைக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், சர்வீஸ் கோட்டருகே நிற்பார்கள். ஓரத்தில் கூடையோடு நிற்கும் பயிற்சியாளர் பந்தை உள்ளே தட்டிவிடுவார். தரையில் விழவிடாமல் வாலி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோற்ற ஜோடி வெளியே. வரிசையில் காத்திருக்கும் ஜோடி உள்ளே.

சிக்கல்: இருவருக்கும் நடுவே வரும் பந்து. வலையின் உயரம் கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்றடி. இந்த அரை அடித் தாழ்வை நம்பியே எதிராளி நடுவில் அடிக்கிறார். அமராவதிப் பாசன வயலில் வரப்பு அரை அடி நகர்ந்தால் உடுமலை கோர்ட் வரைக்கும் போகிறவர், டென்னிஸ் கோர்ட்டில் மட்டும் "நீங்க எடுங்க மாமா" என்று தாராளமாக விட்டுக்கொடுப்பது ஏன்?

காலக் கணக்கு: இரு சர்வீஸ் கோடுகளுக்கும் இடையே 42 அடி. மணிக்கு 60 கி.மீ. வேகப் பந்து அதை முக்கால் விநாடியில் கடக்கும். "இல்லீங்க மாப்ள, நீங்களே எடுத்துக்குங்க" என்று கொங்கு நிதானத்தில் சொல்லி முடிக்க இரண்டு விநாடியாவது ஆகும். "மாப்ள" வருவதற்குள் புள்ளி போய்விடும்.

வகைப்பாடு: மாமனார்–மருமகன் ஜோடியில் இருவருமே பந்தை விடுவர். மச்சான்மார் விட்டுவிட்டு, ஒருவரையொருவர் கேலி பேசுவர். பங்காளிகள் இருவருமே பாய்வர். மட்டைகள் மோதும், பந்து தப்பாது. 1976 விம்பிள்டனில் ஆனந்த், விஜய் அமிர்தராஜ் சகோதரர்கள் இரட்டையர் அரையிறுதி வரை போனது இதற்குச் சான்று. உறவே இல்லாத பயஸும் பூபதியும் 1999-இல் அங்கே பட்டமே வென்றார்களே என்று மறுப்போர் உண்டு. பிற்பாடு இருவருக்கும் ஆகாமல் போனது ஊரறிந்த செய்தி. ஆகவே அவர்களையும் பங்காளிகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டோம்.

பரிந்துரை: இருவரும் வலக்கையர் என்றால் நடுப்பந்து இடப்பக்கம் நிற்பவருக்கே, அவருடைய ஃபோர்ஹேண்ட் அங்கேதான் இருக்கிறது. பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் விதிதான் இது. கோர்ட்டில் இறங்குமுன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மாமனாரை இடப்பக்கம் நிறுத்துவதே உத்தமம். அவர் பந்தை விட்டால் ஒரு புள்ளிதான் நஷ்டம். மருமகன் விட்டால் அடுத்த தீபாவளி வரைக்கும் பேச்சு ஓடும்.