நாலாவது பிளாப்பி

துலாம் மாதத்து இடி எங்கள் ஊருக்குக் கிழக்கே மலைப்பக்கமிருந்து இறங்கி வரும். முதல் உறுமல் கேட்டதுமே வீட்டில் யாராவது ஓடிப்போய் டி.வி., பிரிட்ஜ், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போடுவார்கள். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இதே மாதத்துக்கு ஐப்பசி என்று பெயர். இடியும் பிளக்கைப் பிடுங்குகிற ஓட்டமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். போன துலாத்தில் அப்படி ஒரு சாயங்காலம் மழை ஓய்ந்ததும் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு அக்கா மகன் தன் கேமைத் திறந்தான். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைக்க முடியவில்லை, சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்று ஒற்றை வரி வந்தது.

"சர்வர் டவுன், மாமா" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டான். அவ்வளவுதான். அவன் முகத்தில் கோபமில்லை, ஆவலுமில்லை. எங்கோ தொலைவில் யாரோ சரிசெய்வார்கள், அதுவரை வேறு ஏதாவது பார்க்கலாம் என்கிற அமைதி. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு 1996-ஆம் வருஷத்துப் பாறசாலை ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது நான் தனுவச்சபுரத்தில் பிரீ-டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சாயாக்கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது; செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலத்தான் உள்ளே போவோம். 486 மெஷின்கள் மூன்று. அவற்றில் ஒன்றில் மட்டும் சவுண்ட் கார்டு இருந்தது. எங்களைவிட ஆறேழு வயது மூத்த ஒருவர் அதை நடத்தினார். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். வகுப்பு முடிந்த பிறகு அரைமணி நேரம் கேம் விளையாட விடுவார். அந்த அரைமணியில் இருபத்தைந்து நிமிஷம், கேமை ஓடவைப்பதிலேயே போய்விடும். அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்காகத்தான் நான் இப்போதும் ஏங்குகிறேன்.

ஒரு விமானச் சண்டை கேம். பெயரை அடித்து என்டர் தட்டினால், மெமரி போதாது என்று சொல்லிவிட்டு வெறும் கறுப்புத் திரைக்குத் திரும்பிவிடும். மெஷினில் எட்டு எம்.பி. இருந்தது, கேமுக்கு வேண்டியது ஒரு எம்.பி.கூட இல்லை. பிறகு எப்படிப் போதாமல் போகும்? பயந்துபோய் ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினேன். அண்ணன் பின்னாலிருந்து சொன்னார்: "ஆஃப் பண்ணாத மக்கா. அது என்ன சொல்லுதுன்னு முதல்ல வாசி."

வாசித்தோம். மெம் என்று அடித்தால் உள்ளே யார் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். 1981-இல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை உருவாக்கியபோது அதன் செயலியால் மொத்தம் ஒரு எம்.பி.க்குத்தான் முகவரி போட முடிந்தது. அதில் திரைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் 384 கே.பி.யை ஒதுக்கிவிட்டு, நிரல்களுக்கு 640 கே.பி. விட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து, எட்டு எம்.பி. வாங்கிப் போட்ட பாறசாலை மாடியிலும் மெஷின்களை ஓட்டிய டாஸ் அந்த 640-க்குள்தான் குடியிருந்தது. மவுஸுக்கு ஒரு டிரைவர், சி.டி.க்கு ஒரு டிரைவர், சவுண்டுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு அந்தத் திண்ணையில் பாய் விரித்தால், கேமுக்குக் கால் நீட்ட இடமிருக்காது. கான்ஃபிக்.சிஸ் ஃபைலைத் திறந்து ஒவ்வொருவரையாக 640-க்கு மேலேயுள்ள மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒரு வரி மாற்று, ரீபூட் செய், மெம் பார். இன்னும் 12 கே.பி. வேண்டும். இன்னொரு வரி. ஒரே நேரத்தில் இரண்டு வரி மாற்றக்கூடாது, மாற்றியதை நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். அந்த நோட்டு முழுக்க என் கோழிக்கிறுக்கலில் எண்கள். சவுண்ட் கார்டுக்கு 220, இன்டரப்ட் 7, இல்லை 5. பிரிண்டரும் ஏழாம் எண்ணையே பயன்படுத்தியதால் இரண்டும் மோதிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்துத் தந்தவன், அன்றுவரை யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன். அன்றிலிருந்து அவன் எங்கள் நண்பன். விமானத்தின் இரைச்சல் முதல்முறை ஸ்பீக்கரில் வந்தபோது கீழே சாயாக்கடையிலிருந்து ஆள் ஏறி வந்து எட்டிப் பார்த்தது.

இத்தனைக்கும் முன்னால் கேம் கைக்கு வந்து சேர வேண்டுமே. ஏ.ஆர்.ஜே. வைத்துச் சுருக்கி, ஆறு பிளாப்பியில் பங்குபோட்டு, மார்த்தாண்டத்தில் ஒரு கூட்டுக்காரன் கொடுப்பான். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை நகலெடுக்கிறோம் என்பதை எங்களுக்குச் சொல்ல அன்று யாருமில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பாறசாலைக்கு வந்து விரித்தால் முதல் மூன்று பிளாப்பியும் சாதுவாக இறங்கும். நாலாவதில் டிரைவ் கரகரவென்று தொண்டையைச் செருமி, சி.ஆர்.சி. எரர் என்று நின்றுவிடும். சுருக்கும்போது கணக்கிட்டு வைத்த எண்ணும் விரிக்கும்போது கணக்கிட்ட எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். எங்கள் ஊர் ஈரத்தில் பிளாப்பியின் காந்தத் தகட்டில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். ஒரு புள்ளி போதும், ஆறு பிளாப்பியும் வீண். மறுபடி பஸ். இஞ்சிவிளை, களியக்காவிளை, இறங்கித் தமிழ்நாட்டு பஸ் மாறி, குழித்துறைப் பாலம் தாண்டி மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமும் போனதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அங்கேதான். சட்டைப் பையில் ஒற்றைப் பிளாப்பியை வைத்துக்கொண்டு பெரியம்மை வீட்டுக்குப் போனால், "படிக்கிற சாதனமா மக்களே?" என்று கேட்டு, மரச்சீனியும் கட்டன் சாயாவும் தருவார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தின்றிருக்கிறேன். இன்று நினைத்துப் பார்த்தால் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போது எங்கள் பக்கம் சாயங்காலத்தில் அரைமணி லோட் ஷெடிங். ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும்போதே மூன்று திரையும் ஒன்றாக அணையும். ஜன்னலுக்கு வந்து நின்றால் ஊர் மொத்தம் இருட்டு. தெற்கே எல்லைக்கு அப்பால் வானத்தில் வெளிச்சம் தெரியும். மெழுகுதிரி வெளிச்சத்தில் நோட்டை விரித்து, கரண்ட் வந்ததும் எந்த வரியை மாற்றுவது என்று நாலைந்து தலைகள் முட்டிக்கொண்டு பேசியதுதான் என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட மிகத் தீவிரமான ஆலோசனைக் கூட்டம். பின்னாளில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த வருஷங்களில், மார்த்தாண்டத்துக் கூட்டுக்காரன் தன் சி.பி.யு.வை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வேலை செய்ய வந்தான். கடன் தீர்ந்தது.

சில வருஷங்களில் பென்டியம் வந்தது. எல்லாம் இனிப் பறக்கும் என்று காத்திருந்தோம். டர்போ பாஸ்கலில் நாங்களே எழுதிய ஒரு சின்னப் பாம்பு கேமைத் தட்டினால், ரன்டைம் எரர் 200. பூஜ்யத்தால் வகுத்துவிட்டாயாம். நாங்கள் எங்கே வகுத்தோம்? காரணத்தைப் பிறகு அண்ணன்தான் எங்கோ கேட்டுவந்து சொன்னார். நிரல் தொடங்கும்போது, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி செகண்டில், தன்னால் எத்தனை சுற்று எண்ண முடிகிறது என்று பார்த்து அதை 55-ஆல் வகுத்துக்கொள்ளும். புதிய மெஷின் எண்ணியது மிக அதிகம்; வகுத்து வந்த விடை 65,535-ஐத் தாண்டியதால் 16 பிட் பெட்டியில் அடங்கவில்லை. வேகம் கூடியதால் ஓடாமல் போன கேம் அது. அந்தப் பகல் முழுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். இன்று எனக்குச் சிரிப்பு குறைந்து, அந்தப் பாம்பின் மேல் பரிவு கூடியிருக்கிறது.

இப்போது அந்தக் கேம்களில் பலவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஏறக்குறைய 2,400 டாஸ் கேம்களைப் பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி வைத்துவிட்டது. சர்வர் டவுன் என்ற அந்தச் சாயங்காலம் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை நான் போனில் தட்டிப் பார்த்தேன். மெமரி கேட்கவில்லை, இன்டரப்ட் கேட்கவில்லை, இளவரசன் குதித்து வந்து நின்றுவிட்டான். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்து, "இதுக்கா மாமா மார்த்தாண்டம் வரை பஸ் ஏறிப் போனது?" என்றான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. வேறொன்று சொன்னேன். "மெஷின் என்ன சொல்லுதுன்னு வாசிச்சியா?"

"அதான் சொல்லிட்டே, பிறகு வரச் சொல்லி."

கேம் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். உள்ளே லாக் என்று ஒரு ஃபைல். இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கடைசி வரிகளை மெதுவாக வாசித்தான்: சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை. இணையத்தில் மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் மெஷின் தன் தேதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். "இன்னும் செல்லுபடியாகலைன்னா...?" என்று இழுத்தவன், திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தான். நேரம் பார்க்கப் போன் இருக்கும்போது அந்த மூலையை யார் பார்க்கிறார்கள்? அங்கே பல வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "இடிக்குப் பிளக்கைப் பிடுங்கினோமே மாமா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமுண்டா?" உண்டு. பிளக் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே மதர்போர்டில் இருக்கும் ஒரு நாணயப் பேட்டரி. அது செத்துப்போயிருந்தது. சர்வர் டவுன் ஆகவே இல்லை. சி.பி.யு.வின் பக்கத் தகட்டை இரண்டு பேருமாகக் கழற்றினோம். தூசி, ஒரு பல்லிமுட்டை, வட்டமாகப் பளபளவென்று அந்தப் பேட்டரி. ஸ்குரூக்களை ஒரு சிரட்டையில் போட்டுவைத்தான். நான் சொல்லாமலே பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் படமெடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பாறசாலை ஜங்ஷனில் ஒரு வாட்ச் கடையில் சி.ஆர்.2032 வாங்கினோம். முப்பது ரூபாய்.