கம்பி எண்ணுபவர்

குருநாகலிலிருந்து ஏ6 வீதியில் தம்புள்ளைக்குப் போகிறவர்கள் கலேவெலயில் ஒரு பிளேன்டீக்கு இறங்கினால் அவரைப் பார்க்கலாம். கையில் ஒரு சாண் வயர் இருக்கும். அதன் தோலைச் சீவி, உள்ளிருக்கும் இழைகளை விசிறிபோல விரித்து, வெயிலில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணுவார். குற்றம் எதுவும் செய்யாமல் கம்பி எண்ணுகிற மனிதர் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான்.

நானா என்றால் ஊரில் அவர்தான். மெக்கானிக் இல்லை, கடையும் இல்லை. வாகனத்துக்கு செட் அடிக்கிறவர்களின் தோளுக்குப் பின்னால் நிற்பதுதான் உத்தியோகம். புது சப்வூஃபரைக் காட்டினால் திரும்பிப் பார்க்க மாட்டார். நீல வெளிச்சம் மின்னும் அம்ப்ளிஃபயரைக் காட்டினால் கொட்டாவி விடுவார். பிறகு மெல்லக் கேட்பார்: "எல்லாம் சரி தம்பி, வயர் எனா வயர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் எங்கள் ஊரில் எவருமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறக்கும்வரை பழைய வண்டிக்கே நகை பூட்டி அழகு பார்த்தோம். நானும் என் கிழட்டு வேனுக்கு ஒரு செட் வாங்கினேன். சீட்டுக் காசு முழுவதும் ஸ்பீக்கருக்கும் அம்ப்புக்கும் போயிற்று. கடைசியில் மிஞ்சிய சில்லறைக்கு, கடைக்காரர் சுருளிலிருந்து உருவிக் கொடுத்த சிவப்பு வயர். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு யார் காசு போடுவார்?

பாட்டுப் போட்டேன். 'டும்' என்று அடிக்கும்போதெல்லாம் முன்விளக்கு கண் சிமிட்டியது. எக்ஸலரேட்டரை மிதித்தால் பாடகருக்குப் பின்னால் ஒரு நுளம்பு 'ஙீ...' என்று சுருதி கூட்டியது. சரக்கு நல்லதென்பதற்கு இதுவே அத்தாட்சி என்றுதான் முதலில் பெருமைப்பட்டேன்.

நானா வயரை விரலால் நிறுத்துப் பார்த்தார். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி மினுக்கியது. "இது செம்பில்ல தம்பி. அலுமினியத்துக்குச் செம்புச் சட்டை போட்டீக்கி." வைத்தியர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிற குரல். அலுமினியம் செம்பு கடத்துவதில் அறுபது வீதமளவுதான் கடத்தும். அந்தச் சட்டைக்கு நான் செம்பு விலை கொடுத்திருந்தேன்.

"அம்ப் எத்தன வொட்ஸ்?"

"1200, நானா."

"அது பெட்டியில அச்சடிச்ச வொட்ஸ். ஆர்எம்எஸ், தொடர்ந்து தாற வொட்ஸ் எத்தன?"

மூக்குக்கண்ணாடி மாட்டித் தேடினேன். 400.

அதற்குப் பிறகு சிகரட் பெட்டியின் பின்புறத்தில் கணக்கு நடந்தது. இந்த வகை அம்ப் 400 வொட்ஸ் வெளியே தர வேண்டுமென்றால் உள்ளே ஏறக்குறைய 50 அம்பியர் இழுக்கும். பற்றரியிலிருந்து பின்சீட்டுக்கு 5 மீற்றர். என் வயர் 4 சதுர மில்லிமீற்றர். அது அசல் செம்பாக இருந்திருந்தாலும் போகிற வழியிலேயே ஒரு வோல்ட் கரைந்திருக்கும். சட்டை போட்ட அலுமினியத்தில் ஒன்றரைக்கும் மேல். 21 சதுர மில்லிமீற்றர் செம்பு போட்டிருந்தால் இழப்பு கால் வோல்ட்டைத் தொடாது.

"நீங்க வெங்காயம் செய்றவர்தானே? ரெண்டு இஞ்சி பம்ப் வாங்கி முக்கால் இஞ்சி ஹோஸ் பூட்டுவீங்களா?"

பெரிய வெங்காயம் செய்கிறவனிடம் இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

அந்த 21க்குக் கடையில் '4 கேஜ்' கேட்கச் சொன்னார். நான் 8 கேஜோடு திரும்பினேன். நாலைவிட எட்டு பெரிதல்லவா! நானா கோபிக்கவில்லை. பஸ் முதலாளி ஒருவர் இப்படித்தான் பெருமையாக 10 கேஜ் வாங்கி வந்தாராம். கேஜில் எண் கூடக் கூட வயர் மெலியும். இந்தத் தலைகீழ்க் கணக்கை வைத்தவனை நானா மன்னித்துவிட்டார். எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எட்டைக் கொடுத்து நாலை வாங்கி வந்தேன்.

பியூஸ் பின்னால் அம்ப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும்தான் அவருக்கு உண்மையாகவே முகம் சிவந்தது. "பியூஸ் அம்பக் காப்பாத்த இல்ல தம்பி, வயரக் காப்பாத்த! நடுவழியில வயர் பொடியில உரசித் தோல் போனா, பற்றரி சும்மா ஈக்குமா?" பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் வந்தது. எர்த் வயரைக் குட்டையாக வெட்டி, பெயின்ட்டைத் தகரம் தெரியும்வரை சுரண்டி இறுக்கினார். என் வேனின் பெயின்ட்டை மற்றவர்கள் சுரண்டினால் சண்டைக்குப் போவேன். அன்று தூளை ஏந்தக் காகிதம் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டுச் சிக்னல் போகிற ஆர்சிஏ வயரை மின் வயரிலிருந்து பிரித்து மறுபக்கத்தால் இழுத்தார். டோர்ச் பற்றரி ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு, கூம்பு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று பார்த்தார். இடது ஸ்பீக்கர் தலைகீழாம். வலது தள்ளும்போது இடது இழுத்து, பேஸை இரண்டும் பங்குபோட்டுத் தின்றிருக்கின்றன.

கூலி என்று எதுவும் வாங்க மாட்டார். என் பழைய சிவப்பு வயரை மட்டும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார், அடுத்தவருக்குக் காட்ட.

சாவியைத் திருகினேன். விளக்கு சிமிட்டவில்லை. நுளம்பு செத்துவிட்டது. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வந்த மௌனம் அப்படியொரு துப்புரவு. அந்தத் துப்புரவில்தான், இத்தனை வருடமும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. டேஷ்போர்டுக்குள் எங்கோ 'கிறீச்... கிறீச்...'

நானா தலையைச் சரித்துக் கேட்டார். கதவைத் திறந்து இறங்கினார்.

"அது வயர் இல்ல தம்பி. அதுக்கு நாவுலயில ஒருத்தர் ஈக்கார்."