அமாவாசைக்காரர்

புது வருஷக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் நாமெல்லாம் தீபாவளி என்ன கிழமை என்று பார்ப்போம். பொங்கல் சனி, ஞாயிறில் விழுந்து லீவைத் தின்றுவிட்டதா என்று பார்த்து நொந்துகொள்வோம். அமாவாசைக்காரர் பார்ப்பது அமாவாசையை மட்டும். வெள்ளி, சனியை ஒட்டி வருகிற அமாவாசைகளைச் சுற்றி வட்டம் போடுவார். பன்னிரண்டில் நாலு தேறினால் அது அவருக்கு யோகமான வருஷம். அந்த நாலில் இரண்டை மழைக்காலம் கொண்டுபோய்விடும் என்பது வேறு விஷயம். நல்லவேளையாகத் தேய்பிறைக் கடைசியில் நம் ஜனங்கள் முகூர்த்தம் வைப்பதில்லை. அவருடைய உறவுகள் இன்னும் அறுந்துபோகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பில்லி சூனியம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமியார் முதலில் அப்படித்தான் நினைத்தார். ஒரு மனுஷன் அமாவாசைக்கு அமாவாசை வெள்ளை வேட்டி ஒன்றும் சிவப்பு விளக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு, பிணக்கனம் கனக்கிற கறுப்புப் பெட்டிகளைக் காரில் ஏற்றி, மலைக்குப் போய், விடிந்த பிறகு கண் சிவந்து திரும்பினால் எந்த மாமியார்தான் வேறு மாதிரி நினைப்பார்? உண்மையில் அவர் போவது நெபுலா பிடிக்க. நட்சத்திரங்களுக்கு நடுவே வாயுவும் தூசுமாகப் படர்ந்து கிடக்கிற பெருமேகங்களை, டெலஸ்கோப்பில் டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டிப் படம் எடுக்கிறார். பௌர்ணமிக்கு ஊரே திருவண்ணாமலையில் கிரிவலம் போகும். அமாவாசைக்கு இவர் பக்கத்து ஜவ்வாது மலை ஏறுவார். நிலாவை இவர் கண்ணில் காட்டக் கூடாது. மார்கழித் திருவாதிரையன்று நிலா முழுசாக நிறைந்து அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இவர் உயிரை விடுகிற ஓரியன் நெபுலா இருப்பதும் அதே வட்டாரம்தான். ஊருக்கெல்லாம் ஆருத்ரா தரிசனம் கிடைக்கிற ராத்திரியில் இவருக்கு மட்டும் நடை சாத்தியிருக்கும்.

இந்த வியாதி அநேகமாக எல்லாருக்கும் ஒரே வழியில்தான் தொற்றுகிறது. குழந்தை பிறந்ததும் கேமரா வாங்குவார்கள். குழந்தைக்கு ஓடக் கால் வந்ததும் அது படத்துக்கு நிற்காது. கேமரா பீரோவுக்குள் போய்விடும். ஒருநாள் மொட்டை மாடியில் சும்மா நிலாவை எடுப்பார். பிறகு யாரோ சொல்லி, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே கேமராவைத் திருப்பிப் பத்து விநாடி திறந்து வைப்பார். வெறுங்கண்ணுக்குக் கொஞ்சம் புகை படிந்த நட்சத்திரமாகத் தெரிந்த இடம், திரையில் இளஞ்சிவப்பாக விழும். அவ்வளவுதான், ஆள் காலி.

பத்து விநாடிக்கு மேல் திறந்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபடும். குற்றம் கேமராவுடையது அல்ல, பூமியுடையது; மணிக்கு 15 டிகிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை என்பதால், அதே வேகத்தில் டெலஸ்கோப்பை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க ஈக்வடோரியல் மவுன்ட் என்று ஒரு யந்திரம் விற்கிறார்கள். கேமராவைவிட விலை, டெலஸ்கோப்பைவிட எடை. வீட்டில் அதை “ஒரு ஸ்டாண்டு” என்று சொல்லி வைப்பார். இரும்புக் கவுன்டர்வெயிட்டுகள் வந்து இறங்கும்போது “எக்ஸர்சைஸ் பண்ணலாம்னு” என்பார். அவர் மனைவிக்கு இது எல்லாமே தெரியும். தெரியாத மாதிரி இருந்து, சமயம் பார்த்து எடுத்து வீசுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

அந்த மவுன்ட்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஐரோப்பாக்காரனுக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேலே நிற்கிறது. சென்னையில் 13 டிகிரிதான் உயரம். கன்னியாகுமரியில் வெறும் 8. சென்னை மொட்டை மாடியில் அது மிகச் சரியாக அடுத்த அபார்ட்மென்ட்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். இவருக்கு வடக்கே வீடு கட்டுகிற எவரும் எதிரிதான். ஆனால் இந்தத் தாழ்வுக்கு ஓர் ஈடும் உண்டு. ஓரியனைவிடப் பெரிய கரினா நெபுலா லண்டன்காரனுக்கும் நியூயார்க்காரனுக்கும் உதிப்பதே இல்லை. நமக்கு மார்ச், ஏப்ரல் ராத்திரிகளில் தெற்கே தாழ்வாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். இதைச் சொல்லும்போது இவர் குரலில் வருகிற மாநிலப் பெருமையை எந்த அரசியல் மேடையிலும் கேட்க முடியாது.

நட்சத்திர அறிவு ஏறிவிட்டால் வாயும் சும்மா இருக்காது. வைகாசி மாதக் காலை முகூர்த்தம் ஒன்றில், புரோகிதர் மணமக்களை வெளியே கூட்டிவந்து மேலே கை காட்டியபோது, “இந்த மாசம் இந்த நேரத்துல அருந்ததி அடிவானத்துக்குக் கீழல்ல சாமி இருக்கும்!” என்று சொல்லிவிட்டார். விவரம் சரிதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து உறவில் பத்திரிகை தபாலில்தான் வருகிறது.

18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சார்லஸ் மெஸ்ஸியே என்பவர் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தார். வால்நட்சத்திரம் மாதிரியே மங்கலாகத் தெரிந்து ஆளை ஏமாற்றுகிறவற்றையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு வைத்தார். ஓரியன் நெபுலா அதில் 42-ஆவது. அவர் ‘இதெல்லாம் வேண்டாம்’ என்று ஒதுக்கிய பட்டியல்தான் நம்மவருக்கு மளிகைச் சீட்டு.

இனி மலைக்குப் போவோம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் இருக்கிறது. அதே மலையில், சாமை அறுத்து முடித்த ஒரு கொல்லையில், கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இவர் தம்முடைய 80 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பை நிறுத்துவார். நெற்றியில் சிவப்பு விளக்கு. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகின கண் மறுபடி பழக அரைமணி நேரம் ஆகும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தலையில்லாத சிவப்புக் கண் ஒன்று வயலில் அலைகிறது. நாய் குரைக்கும். ரோந்து வண்டி நிற்கும்.

“யாருங்க? என்ன இது?”

“டெலஸ்கோப் சார். நட்சத்திரம் பாக்குறது.”

காவலருக்கும் ஆசை வந்துவிடும். “அப்படியா? எங்க, காட்டுங்க.”

“இதுல பாக்க முடியாது சார்.”

“டெலஸ்கோப்புங்கிறீங்க, பாக்க முடியாதுங்கிறீங்க?”

“கண்ணு வைக்கிற எடத்துல கேமரா இருக்கு சார்.”

“சரி, கேமராவுல என்ன தெரியுது?”

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். கன்னங்கரேலென்று இருக்கும்.

“ஒண்ணுமில்லையே.”

“இதே மாதிரி நூறு படம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒரு வாரம் வேலை செஞ்சாத் தெரியும் சார்.”

காவலர் டார்ச்சை அடித்துக் குழாயைப் பார்ப்பார். டார்ச் வெளிச்சத்தில் இவர் அரைமணி நேரப் பார்வை போயே போய்விடும். “தம்பி, மூடியே கழட்டலையே நீங்க!”

“மூடி போட்டுத்தான் சார் எடுக்கணும்.”

இதற்குப் பிறகு எந்தக் காவல்துறையும் கேள்வி கேட்காது. பைத்தியத்துக்கு வழக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் மூடி போட்டு எடுப்பது மெய்யாகவே வேலையில் ஒரு பகுதி. கேமராவின் சென்சார் மணிக்கணக்கில் ஓடிச் சூடேறும்போது, இல்லாத இடத்திலெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளைப் போடும். மூடியைப் போட்டு அந்தப் புள்ளிகளை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டால் பிறகு கழித்துவிடலாம். அதற்குப் பெயர் டார்க் ஃப்ரேம். விடிகிற நேரத்தில் வேட்டி வெளியே வரும். குழாயின் வாயில் அதைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பார்க்க வைத்து வெறும் வெள்ளையைப் படம் எடுப்பார். லென்ஸில் எங்கே தூசி, எந்த ஓரம் இருட்டு என்பது அதில் விழும். எடுத்த படத்தை இந்த வெள்ளையால் வகுக்க வேண்டும். ஆக, சூட்டைக் கழித்து, தூசியால் வகுத்து, குறுக்கே போன விமானத்தையும் செயற்கைக்கோளையும் தள்ளி, அடிவாரத்து ஊர்களின் வெளிச்சத்தையும் கழித்தால் மிச்சம் நிற்பது நெபுலா. ராத்திரி முழுக்க அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தது அநேகமாக மேகம் வருகிறதா என்பதற்கு மட்டும்தான்.

மேகம் வரும். புது சாமான் வாங்கின வாரத்தில் கட்டாயம் வரும். ஓரியன் நெபுலா சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பல்லவர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறது. “ஆயிரத்து முந்நூறு வருஷம் ஒழுங்கா வந்துச்சு, கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல மாட்டிக்கிச்சு பாரு” என்று மனைவியிடம் போனில் புலம்புவார். அந்தம்மாள் தூக்கத்தில் “உம்” என்பார்.

அந்தக் கேமராவுக்கு ஓர் அறுவை சிகிச்சையும் நடந்திருக்கிறது. நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் விடுகிற 656 நானோமீட்டர் வெளிச்சம். சாதாரணக் கேமராக்களில் மனிதர் முகம் மனிதர் முகமாக விழுவதற்காக, சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதைக் கழற்ற வேண்டும். சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட் விரித்து, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி மேல் கண்ணாடி போட்டு, கழற்றிய எள்ளளவு திருகுகளை டிபன் பாக்ஸ் மூடியில் வரிசைப்படுத்தி, வாரண்டி என்ற பந்தத்தை நிரந்தரமாக அறுத்துக்கொண்டார். திரும்ப மூடியபோது ஒரு திருகு மிஞ்சியது. கேமரா ஓடுகிறது. திருகைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

வீட்டில் வாக்குவாதம் முற்றினால் இவர் ஹென்றி டிரேப்பரைக் கூப்பிடுவார். உலகத்தில் முதன்முதலாக ஒரு நெபுலாவைப் படம் பிடித்த அமெரிக்க மருத்துவர். 1880 செப்டம்பர் 30 அன்று இதே ஓரியனை 51 நிமிடம் திறந்து வைத்து எடுத்தார். “அவரோட சம்சாரம் ராத்திரியெல்லாம் கூடவே நின்னு உதவி பண்ணாங்க. அவர் போனப்புறம் ஹார்வர்டு அப்சர்வேட்டரிக்கே பணம் குடுத்தாங்க, தெரியுமா?”

“தெரியும். அந்தம்மாவுக்குப் பொறந்த வீட்டு சொத்து இருந்துச்சு. எங்கப்பா போட்ட வளையல் பேங்குல இருக்கு.”

அன்றைக்கு டிரேப்பர் பேச்சு அத்தோடு முடியும்.

எடுத்து வந்த படங்களை அடுக்குவதற்கு மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. அடுக்கி முடித்ததும் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உள்ளேயிருக்கிற செம்மையை வெளியே கொண்டுவர வேண்டும். இதில்தான் வாரங்கள் போகின்றன. படத்தில் மணல் தூவின மாதிரித் தெரிகிற இரைச்சல் பாதியாகக் குறைய வேண்டுமானால் நாலு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்தவர் நாலு மணிக்குப் போவார். நாலு போதாமல் பதினாறு. அடுத்தது அறுபத்து நாலு. கணக்கு இப்படிப் போகிறதென்றால் எந்தப் படமும் ‘முடிந்தது’ என்று அவர் வாயால் வரப்போவதில்லை. நள்ளிரவுக்கு மேல் மனைவியை எழுப்பி, திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எது நல்லாருக்கு?” என்பார்.

“ரெண்டும் ஒண்ணுதானேங்க?”

“நல்லாப் பாரு. இதுல நட்சத்திரம் உருண்டையா இருக்கு.”

அந்தம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஜவுளிக் கடையில் இரண்டு அரக்குப் புடவையை விரித்து, எது நல்லாருக்கு என்று கேட்டு, கடை சாத்துகிற வரைக்கும் பதில் சொல்ல வைத்தார்.

“இதைத்தான் ஹப்பிள் அப்பவே எடுத்துட்டானே?” என்று கேட்காத விருந்தாளி இல்லை. இவர் கோபப்படுவதில்லை. “தாஜ்மஹாலையும்தான் எடுத்திருக்கான். நீங்க போனப்ப எதுக்கு அது முன்னாடி நின்னு எடுத்தீங்க?” என்பார். இதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

மின்வெட்டு வந்தால் தெருவே திட்டும்போது மொட்டை மாடிக்கு ஓடுகிற ஒரே ஆள் இவர்தான். 2012-ல் தமிழகம் இருட்டில் கிடந்த காலத்தைப் பற்றி இவர் ஏக்கத்தோடு பேசுவதைப் பொது இடத்தில் கேட்டால் அடி விழும். ஆனால் தெருவிளக்கு பற்றி அவர் சொல்வதை மட்டும் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. தெருவில் நடக்கிறவனுக்காகப் போட்ட விளக்கு, பாதி வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்பி யாருக்கு வழி காட்டுகிறது? இதைக் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதினார். இருட்டாக இருக்கிறது என்று புகார் வந்ததாக நினைத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலில் இன்னொரு கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள்.

போன தை மாதம் பெரியம்மா பேத்திக்குக் காதுகுத்து. “அவ்ளோ பணம் போட்டுக் கேமரா வச்சிருக்கே, வெளி ஆள் எதுக்கு? நீயே எடு” என்று சொல்லிவிட்டார். தட்ட முடியவில்லை. வீட்டில் இருப்பது அந்த ஒரே கேமராதான், கண்ணாடி கழற்றியது. படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டபோது மொட்டையடித்த குழந்தை செக்கச்செவேல் என்றிருந்தது. அழுத குழந்தை, பரவாயில்லை. மடியில் வைத்திருந்த தாய்மாமனும் சிவப்பு. ஆசாரி, சீர்த்தட்டு, வாழையிலை, பின்னால் நின்ற வெள்ளைப் பசு எல்லாமே குங்குமத்தில் முக்கி எடுத்தது. இவர் பதறிப்போய், “பெரியம்மா, ஒயிட் பேலன்ஸ் மாத்திக் குடுத்துடறேன், ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார்.

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஒண்ணும் மாத்தாதே. நம்ம ஜனங்க மூஞ்சியில இவ்ளோ களையை நான் எந்தப் படத்துலயும் பாத்ததில்ல. சின்னவளுக்கு வரன் பாக்கறோம், அவளையும் ரெண்டு எடுத்துக் குடு. அந்தச் செவப்பை மட்டும் கொறைச்சிடாதே.”