கால்மிதியின் விலை
துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரத்துக்காரருக்கு 'ஹேண்ட்லிங்' என்றால் கிரேன், கொக்கி, வியர்வை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் கப்பலேற்றுகிறார்களே, அதுவும் ஹேண்ட்லிங்தான். கார் ஷோரூம் பில்லில் அதே சொல்லுக்குப் பொருள், சாவியில் ரிப்பன் கட்டிக் கையில் கொடுப்பது. கிராக்கியான மாடல் என்றால் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒரு ரூபாய்கூட ஏறாது; அதில் கைவைத்தால் வம்பு. ஏறுவதெல்லாம் பில்லின் அடுத்தடுத்த வரிகளில்: கால்மிதி, மட் ஃபிளாப், சீட் கவர், 'எங்களிடமே எடுங்க சார்' இன்சூரன்ஸ். இன்சூரன்ஸை விரும்பிய இடத்தில் எடுக்கலாம் என்பது விதி. டெலிவரி தேதிக்கு அந்த விதி தெரியாது.

கேட்பவர் அதிகம், வண்டி குறைவு, விலை ஏறத்தானே செய்யும் என்பார்கள். நியாயம்தான். 1983-இல் சுமார் 47,500 ரூபாய்க்கு வந்த மாருதி 800-ஐயும் வரிசையைத் தாண்டி வாங்கக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆனால் தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவன்கூட பிளாக் என்று சொல்லித்தான் விற்றான்; பாப்கார்னோடு சேர்த்து பில் போடவில்லை. தட்டுப்பாட்டுக்கு விலை உண்டென்றால் போர்டில் எழுதலாமே, கால்மிதிக்கு அடியில் ஒளிப்பானேன்? விற்காமல் நிற்கும் மாடலுக்கு அதே கால்மிதி இலவசம். ரப்பர் என்னவோ ஒன்றுதான்.