ஜீப்பண்ணன்

பேரையூரில் ஜீப்பண்ணன் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தெருவில் சொட்டுச் சொட்டாகப் போகும் எண்ணெய்க் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அவர் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். வாசலில் மதினி கோலம் போடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அந்த இடத்தில் சிமெண்டுச் சாக்கு விரித்திருக்கிறது.

உசிலம்பட்டி, டி.கல்லுப்பட்டி, சாப்டூர் பக்கமெல்லாம் தேடினால் இப்படி ஒரு ஜீப்பண்ணன் அகப்படுவார். கொஞ்சம் கரிசல் காடு, கொஞ்சம் கட்சி, மிச்சமெல்லாம் ஜீப். மலையடிவாரத் தோட்டத்துக்குப் போய்வர வண்டி வேண்டுமென்று வாங்கியிருப்பார். இப்போது வண்டிக்குச் சாமான் வாங்க மதுரைக்குப் பஸ்ஸில் போய்வரவே பொழுது சரியாக இருக்கிறது. தோட்டத்தை மதினி பார்த்துக்கொள்கிறார்.

நம்மவருடையது எம்.எம்.540. பீஜோ இஞ்சின், எக்ஸ்.டி.பி. 4.90. "நாலு சிலிண்டரு, போர் 90 மில்லி, 2112 சி.சி." என்று தாலி கட்டும் நேரத்தில்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் விளக்குவார். எழவு வீடென்றால் இன்னும் நிதானம். 1945-ல் மகிந்திரா அண்டு முகமது என்று ஆரம்பித்தது, 1948-ல் பேர் மாறியது, அமெரிக்காக்காரனின் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது என்று தூக்கும்வரை கம்பெனிக் கதை ஓடும். செத்தவர் ஜீப் வைத்திருந்தவராக இருந்தால் மட்டும் இடையில் ஒரு வார்த்தை அவரைப் பற்றியும் வரும்.

சொட்டைத் தொட்டே இனம் காண்பதில் அவரை அடிக்க ஆளில்லை. விரலில் எடுத்துத் தேய்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். கந்தக வாடை அடித்தால் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் ஆயில். கன்னங்கரேலென்று இருந்தால் இஞ்சின் சேம்பர். பெயிண்டை உரித்திருந்தால் பிரேக் ஆயில். இதற்கு மட்டும் முகம் கொஞ்சம் மாறும். மற்றதெல்லாம் அவருக்கு வண்டி நல்லபடியாக இருப்பதன் அடையாளம். போன தடவை பக்கத்து ஊர்க்காரர் புது 'தார்' ஜீப்பைக் கொண்டுவந்து காட்டியபோது, அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுக்கூட இல்லையேப்பா" என்று துக்கம் விசாரித்தார்.

டீசல் லைனில் காற்று ஏறி வண்டி நின்றால் அவருக்குத் திருவிழா. லைன் மூட்டுகளில் இருக்கும் செம்பு வாஷர்கள் பலமுறை இறுகி இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அடைக்காது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும். நல்ல வைத்தியம்தான், ஆனால் அடுப்பு மதினியுடையது. "ஏங்க, பால் காய்ச்சணும்ங்க" என்பார் மதினி. "இரு, ரெண்டே வாஷர்" என்பார் அண்ணன், இடுக்கியை விடாமல். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்த அன்று அதை அடைக்கப்போய் மஞ்சள்தூள் டப்பா காலி. குழம்பு அன்றைக்கு வெள்ளையாகத்தான் இருந்தது.

இவ்வளவு தெரிந்தவருக்குப் பின்சக்கரத்து ஒழுகல் மட்டும் பிடிபடவில்லை. சீல் மாற்றுவார், நாலு நாளில் கிரவுன் ஆயில் டிரம்முக்குள் இறங்கும், லைனர் ஊறும், பிரேக் பிடிக்காது. மறுபடி சீல். சீல் செய்த கம்பெனியிலிருந்து மத்திய அரசு வரை எல்லாரையும் திட்டித் தீர்த்தார்.

கடைசியில் ஒரு மெக்கானிக் பையன் அடியில் படுத்தான். பின் அச்சு ஹவுசிங்கின் தலையில் அப்பியிருந்த கரிசலைச் சுரண்டினான். குட்டி மூடி ஒன்று தெரிந்தது. "அண்ணே, சீல்ல குத்தமில்ல. ப்ரீதர் அடைச்சிருக்கு." ஓடும்போது ஹவுசிங் சூடேறி உள்ளே காற்று விரியும், வெளியேற வழியில்லாவிட்டால் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறக்கினாலோ எதிர்வேலை: உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும், எண்ணெய் மோராகிவிடும். பையன் மூடியை டீசலில் அலசி, ஊதி, மாட்டினான். புதுச் சீலோடு ஒழுகல் நின்றது.

அண்ணன் பையனைப் பாராட்டவில்லை. "இம்புட்டுத்தானா?" என்றார், ஏமாந்த குரலில். சாயங்காலம் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் சேம்பர் பேக்கிங் லேசாகக் கசிவதுபோல் அவருக்குத் தோன்ற, இஞ்சினுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். உடம்பும் முகமும் அப்போதுதான் தெளிந்தன என்கிறார் மதினி.

பழைய ஜீப் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: சீலுக்குப் பணம் கொடுக்குமுன் ப்ரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காசு செலவில்லை. யோசனை கேட்க மட்டும் ஜீப்பண்ணனிடம் போகாதீர்கள். போனால் மத்தியானச் சாப்பாடு வரை 1945-லேயே நிற்பீர்கள்.